வேய்ஸ்கூஸும் இரண்டு ஓரகத்திகளும்

அச்சகத்தில் அவரை எல்லோரும் கமா என்றுதான் அழைத்தார்கள். பத்தொன்பது வருடங்களாகப் பிழை திருத்துகிறவர். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு காற்புள்ளிகூட ஓடிவிட முடியாது. கீழ்த்தளத்தில், பைண்டிங் பிரிவில், அவருடைய கொழுந்தனின் மனைவி வேலை பார்த்தாள். வந்து இரண்டு வருடம்தான். அதற்குள் முதலாளி முதல் காவலாளி வரை அவள் சிரித்தால் சேர்ந்து சிரித்தார்கள். கமா படியிறங்கி வந்தால் பேச்சு நின்றுவிடும். இது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வருடம் ஓர் ஆங்கில அகராதி அச்சுக்கு வந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் கமா ஒரு சொல்லைப் பார்த்தார்: வேய்ஸ்கூஸ். அச்சகத் தொழிலாளர்களுக்கு முதலாளி வருடம் ஒருமுறை தரும் விருந்து, உல்லாசப் பயணம். கோடை முடிந்து பகல் குறுகி, விளக்கேற்றி வேலை பார்க்கும் காலம் தொடங்கும்போது இங்கிலாந்து அச்சகங்களில் இப்படிக் கொண்டாடினார்களாம். அறுவடையான வயலில் மேய்ந்து கொழுத்த வாத்தால் வந்த பெயர் என்றது குறிப்பு.

அன்று வீட்டில் இருவரும் சேர்ந்து காய் நறுக்கும்போது, மனசு தாங்காமல் அதைச் சொல்லிவிட்டார். ஓரகத்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். மறுநாள் மதியத்துக்குள் அவள் விஷயத்தை முதலாளியிடம் கொண்டுபோயிருந்தாள்.

"நம்ம தொழிலுக்குன்னே ஒரு கொண்டாட்டம் இருக்காம் சார். நமக்குத்தான் யாரும் சொல்லல."

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போவதென்று முடிவானது. "எல்லாம் பைண்டிங் தங்கச்சி புண்ணியம்" என்று அச்சு மிஷின்காரர் சொன்னது கமாவின் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை அதே பக்கம் திருத்தத்தோடு திரும்பி வந்தது. தொகுப்பாசிரியர் வாத்துக் கதையை அடித்திருந்தார். அது பழைய அகராதிக்காரர் ஒருவரின் ஊகம், சொல்லின் பிறப்பு உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அந்த வாத்துக் கதையைத்தான் ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறாள். கமா வாயைத் திறக்கவில்லை. புரூஃப் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏரிக்கரையில் அவள் கதையைச் சொன்னதோடு நிற்காமல் வாத்துபோல நடந்தே காட்டினாள். கைதட்டல் அடங்கியதும் கமா எழுந்தார்.

"அது தப்பு. அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. இதோ புரூஃப்."

ஓரகத்தியின் முகம் சுருங்கியது. பிறகு மிஷின்காரர், "அப்போ வாத்து தப்பிச்சிருச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தாளை நீட்டியபடி நின்றவர் கமா மட்டும்தான்.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்.

"உங்களுக்கு எப்போக்கா தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே."

"உனக்கு எல்லாரும் இருக்காங்க. என்கிட்ட அந்த ஒரு வார்த்தைதான் இருந்துச்சு. அதையும் கேக்காம எடுத்துக்கிட்ட."

அவள் "கேட்டிருக்கணும்" என்றாள்.

அதன் பிறகும் ஒரு வாரம் இருவருக்கும் பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால்கூடப் பிள்ளைகளிடம் சொல்லித்தான் கேட்டுக்கொண்டார்கள்.

ஏரிக்கரைப் பயணம் வருடந்தோறும் தொடர்ந்தது. சொல்லை விளக்க முதலாளி இப்போது கமாவைத்தான் அழைப்பார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, முடிந்ததும் ஓரகத்தியைச் சுற்றிப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். கமாவுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் தன் பக்கத்தில் துண்டு போட்டு அவருக்கு இடம் பிடித்து வைத்திருப்பவளும் அவள்தான். கமா அந்தத் துண்டை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு, அங்கேதான் உட்காருவார்.