கடைசியில் கேட்ட கடிதம்

கற்பிட்டியில் உப்பு விளைவிக்கும் வாய்க்காலில் கூலிக்கு நிற்கும் ஸபீனா படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். ஆனாலும் கடிதம் எழுதுவதில் அவளுக்குப் பெயர் இருந்தது. கட்டாரில் இருக்கும் கணவன்மாருக்கு ஊர்ப் பெண்கள் அவளைக் கொண்டுதான் எழுதுவிப்பார்கள். சலாம், துஆ, வீட்டாரின் சுகம், ஊரின் சுகம் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்த காரியத்தைத் தொடுவாள்.

மகள் அஸ்கா புத்தளத்தில் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோதும் ஸபீனா அந்த முறையைத்தான் சொல்லிக் கொடுத்தாள். ஏன் சேர விரும்புகிறாய் என்று ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதக் கேட்டிருந்தார்கள்.

"எடுத்த எடுப்பில கேக்கிறது மரியாதயில்ல மகள். முதல்ல அவங்கட சுகத்த விசாரிங்க."

அஸ்கா அப்படியே எழுதினாள். விண்ணப்பத்தை நேரில் கொடுக்கக் கடைசி நாளன்று, மூன்று மணிக்குள் சேர்க்கவென்று தாயும் மகளும் புத்தளம் பஸ் ஏறினார்கள். அஸ்காவின் பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கும் மெரினா மிஸ்ஸும் அதே பஸ்ஸில் இருந்தார்; அதை வாங்கி வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"அடியே, உங்கட வீட்டில எல்லாரும் சுகமெண்டு விளங்குது. உனக்கு என்ன வேணுமெண்டுதான் விளங்கேல்ல!"

"கடைசியில இரிக்கி மிஸ்."

"கடைசி வரைக்கும் ஆர் வாசிக்கிற? நீ தமிழ்க் காயிதத்த இங்கிலீசுச் சொல்லால எழுதி வச்சிரிக்கிறாய். கேக்கிறத முதல்ல கேள்."

ஸபீனா தாளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். யா அல்லாஹ், என்ட கதையக் கேட்டுப் புள்ளைட படிப்பு போயிடுமோ? புத்தளம் பஸ் நிலையத்துக் கதிரையில் அஸ்கா திரும்ப எழுதி முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை. நடந்தாள், மணி கேட்டாள், ஸலவாத்து ஓதினாள், மறுபடியும் மணி கேட்டாள்.

இரண்டே முக்காலுக்குப் பயிற்சி அலுவலகத்துப் பெண் அதிகாரி கடிதத்தை வாங்கினார். முதல் வரியில் கண்ணை ஓட்டி, ஓரத்தில் ஒரு கோடு போட்டு, மற்ற விண்ணப்பக் கட்டோடு வைத்தார்.

"இருபத்தாறாம் திகதி நேர்முகப் பரீட்சைக்கு வாங்க."

வெளியே வந்தும் ஸபீனாவின் மனம் அடங்கவில்லை.

"அவ முழுசா வாசிக்கவேயில்லையே மகள்?"

"தேவையானது முதல் வரியிலயே இரிந்திச்சே உம்மா."

ஸபீனா தெருவோரத்தில் சட்டென்று நின்றாள்.

"அப்ப, நேர்முகத்துக்கு உள்ளுக்குப் போனதும் சுகம் விசாரிக்கலாமா, கூடாதா?"

அஸ்காவுக்குச் சிரிப்பு வந்தது.

"தெரியா உம்மா. மெரினா மிஸ்ஸத்தான் கேக்கணும். ஊர் பஸ்ஸுக்கு அவவும் வருவா."

"அப்ப வாங்க, இப்பவே கேப்பம்," என்று ஸபீனா பஸ் நிலையத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.