டீலர்களின் செங்கடல்

சிமெண்ட் மூட்டைகளை நிறைய விற்றுக் கொடுத்த டீலர்களையும் அவர்கள் குடும்பங்களையும் கம்பெனி செங்கடல் ஓரத்துக்கு அழைத்துப் போனது. என் கணவர் அதை ‘ஃபேமிலி டூர்’ என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். ஃபேமிலி என்றால் அவர், நான், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள். எங்களோடு பஸ் நிறைய மற்ற டீலர்கள், அவர்களுடைய மனைவிமார்கள், மைக்கைக் கையை விட்டுக் கீழே வைக்காத ஒரு சேல்ஸ் மேனேஜர்.

எங்கள் கடை இரும்புலியூரில் இருக்கிறது. சிமெண்ட், கம்பி, ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் கிடைக்கும். கடைக்கு மேலேதான் வீடு. மாடிப்படி ஏற வேண்டுமானால் ஒரு மணல் மேட்டைச் சுற்றித்தான் வர வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து மணலைக் கூட்டித் தள்ளுகிறவளை, ஆறு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார வைத்து மணல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

விமான நிலையத்திலேயே ஆளுக்கொரு பச்சைத் தொப்பியும் பச்சை டி-ஷர்ட்டும் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் ஒரே அளவு. என் கணவருக்கு அது வயிற்றில் நின்றது, மகளுக்கு முட்டி வரை தொங்கியது. நான் புடவைக்கு மேலே தொப்பி மட்டும் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது ரோடு போடுகிற வேலைக்கு மேஸ்திரி மாதிரி இருந்தேன்.

ஓட்டலுக்குப் போகிற வழியில் ஒரு பக்கம் நீலக் கடல், மறு பக்கம் புல் பூண்டு இல்லாத பழுப்பு மலை. அழகு என்று சொல்லலாம், சொல்ல விட்டிருந்தால். “இந்த வியூவுக்காக உலகமே இங்க வருது சார்” என்று மேனேஜர் மைக்கில் ஆரம்பித்தார். பின் சீட்டிலிருந்து ஒரு டீலர், “நம்ம பள்ளிக்கரணை குப்பைமேட்ட வெயில்ல காய வெச்ச மாதிரி இருக்கு” என்றார். பஸ்ஸே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். டீலர் எது சொன்னாலும் சிரிப்பது அவருடைய வேலை.

மறுநாள் ஜீப்பில் ஏற்றிப் பாலைவனத்துக்குக் கொண்டு போனார்கள். உச்சி வெயில். கம்பெனி பேனரை இருபுறமும் இருவர் பிடித்துக்கொள்ள, நாங்கள் வரிசையாக நின்று, சொன்னபோதெல்லாம் கட்டை விரலை உயர்த்தினோம். காற்று பேனரைப் பிடுங்கியது. அது பறந்து போனால் நிம்மதி என்று நினைத்தேன். மூன்று பேர் ஓடிப் பிடித்து வந்துவிட்டார்கள்.

என் கணவர் ஓரமாகக் குந்தி, ஒரு கைப்பிடி மணல் எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

“தேறாது” என்றார்.

“எதுக்கு?”

“எதுக்குமே. உருண்டை உருண்டையா இருக்கு பாரு. சிமெண்ட் புடிக்காது. பூச்சு வேலைக்குக்கூட ஆவாது.”

கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்று அலை அலையாக வரைந்து வைத்திருந்த மணல் அது. அவ்வளவையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மகள் என்னைப் பார்த்தாள்.

சாயங்காலமாவது கடலுக்குப் போகலாம் என்றால், ஆண்களுக்கு ஜன்னல் இல்லாத ஒரு ஹாலில் மீட்டிங். மாடித் தளம் ஒழுகாமல் இருக்கப் புதிதாக என்ன பூசலாம் என்பது பற்றி. வருடத்தில் ஒரு நாள்கூட மழை பார்க்காத ஊரில் உட்கார்ந்து ஒழுகலைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். பெண்களுக்கு ‘லேடீஸ் ப்ரோக்ராம்’. மருதாணிப் போட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு கணவருக்குப் பொட்டு வைக்கும் போட்டி. கணவர்கள் ஹாலில் இருந்ததால் தலையணைக்குப் பொட்டு வைக்கச் சொன்னார்கள். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒரு சாப்பாட்டு டப்பா.

அங்கேதான் கேளம்பாக்கத்து டீலரின் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். கல்யாணம் வரை அம்மாவோடு மீன் கூடை தூக்கியவள். பஸ்ஸில் அவள் உரக்கப் பேசியதைக் கேட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவரை ஏளனம் செய்ய, அவரோடு பழகிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

“இன்னாக்கா இது, கடல் அங்க கீது, நம்மள இங்க குந்த வெச்சுத் தலாணிக்குப் பொட்டு வெக்கச் சொல்றானுங்க. நாளைக்குக் காலைல நான் போறேன். வரியா?” என்றாள்.

“நாளைக்குக் காலையில அவார்டு ஃபங்ஷன் இருக்கே.”

“உங்க வூட்டுக்காரரு நடந்துபோய் வாங்கிக்க மாட்டாரா?”

நடப்பார்தான். மறுநாள் காலை அவர் கோட்டு மாட்டிக்கொண்டு கீழே போனதும், மகளையும் கூட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன். நான் சுடிதாரில் இருந்தேன். அவள் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். மணலில் வெள்ளைக்காரர்கள் எண்ணெய் தடவிக்கொண்டு வறுபட்டார்கள்.

தண்ணீரில் கால் வைத்ததும் விசில் கேட்டது. காவலுக்கு இருந்தவன் ஓடி வந்து மகளிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான்.

“நீச்சல் டிரெஸ் போட்டாதான் எறங்கலாமாம்மா. இந்தத் துணியெல்லாம் கூடாதாம்” என்றாள் மகள்.

“எங்க அம்மா பொறந்ததுலேருந்து பொடவையோடதான் கடல்ல எறங்குது. இதுவரைக்கும் கடல் ஒண்ணும் சொல்லலன்னு சொல்லும்மா” என்றாள் கேளம்பாக்கத்துக்காரி.

மகள் சொன்னாள். அவன் சிரித்துவிட்டான். ஆனால் விடவில்லை. மூலையில் கட்டியிருந்த கயிற்றைக் காட்டி, அதற்கு அப்பால் ஓட்டலுக்குச் சொந்தமில்லை, அங்கே யாரும் எப்படியும் இறங்கலாம் என்றான்.

கயிற்றைத் தாண்டினோம். அங்கே கூழாங்கல்லும் பிளாஸ்டிக் பாட்டிலும் கிடந்தன. பெயிண்ட் உரிந்த ஒரு படகின் நிழலில் இரண்டு கிழவர்கள் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேராகப் போய் அவர்கள் கூடையில் இருந்த ஒரு மீனை எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்தாள். பிறகு அவர்கள் முகத்துக்கு எதிரிலேயே உதட்டைப் பிதுக்கினாள்.

“நேத்து மீனு” என்றாள் எங்களிடம்.

அவர்களில் ஒருவர் மொழி தெரியாமலே கோபித்துக்கொண்டு, அடியிலிருந்து இன்னொரு மீனை எடுத்துக் கொடுத்தார். அதன் செவுளையும் பார்த்தாள். தலையாட்டினாள். அவர் திருப்தியாக வலைக்குத் திரும்பினார். மூன்று நாளில் அந்தப் பயணத்தில் நான் பார்த்த உருப்படியான மீட்டிங் அதுதான்.

பிறகு இறங்கினோம். அலையே இல்லை. “இன்னா கடல் இது, குளமாட்டம் கீது” என்று திட்டிக்கொண்டே அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். கடலுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் நான் கடலை விட்டதில்லை. இடுப்பு, மார்பு, கழுத்து என்று தண்ணீர் ஏறியது. பயத்தில் அவள் கையை நகம் பதியப் பிடித்திருந்தேன். “நான் கீறேன்க்கா, காலத் தூக்கு” என்றாள். தூக்கினேன். தண்ணீர் என்னை வைத்துக்கொண்டது. விரல் நீள மஞ்சள் மீன்கள் கால் பக்கம் வந்து, பார்த்துவிட்டுப் போயின. மகள் எங்கேயோ சிரிப்பது கேட்டது. எத்தனை நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. யார் மேலும் எனக்கு அப்போது எரிச்சல் இல்லை. அது எனக்கே புதிதாக இருந்தது.

ஈரத்துணியோடு திரும்பி வந்தபோது கணவர் லிஃப்ட் அருகே கேடயத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“குடும்பத்தோட மேடைக்கு வாங்கன்னு மூணு தடவ கூப்பிட்டாங்க. மானமே போச்சு.”

“நீங்க போனீங்க இல்ல?”

“தனியா போய் நின்னேன்.”

போட்டோவில் காலியிடம் தெரியக்கூடாது என்று மேனேஜரே அவர் பக்கத்தில், மனைவி நிற்க வேண்டிய இடத்தில், தோளோடு தோள் ஒட்டி நின்றிருக்கிறார். அந்தப் படம் இப்போது கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. யாராவது கேட்டால், “ஃபேமிலி டூர் போனப்ப எடுத்தது” என்கிறார். கேட்டவர் படத்தில் ஃபேமிலியைத் தேடுவதை மாடிப்படியில் இறங்கும்போது பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் ஒரு வாரம் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நானும் சமாதானம் செய்யவில்லை. எட்டாம் நாள் மதியம், சாப்பாட்டுக்கு மாடி ஏறி வந்தவர் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“கழுத்து வரைக்கும் போனியாமே. பாப்பா சொன்னா.”

“ஆமா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளும் ஷூவைக் கழற்றாமலே திரும்பி வந்தவர் அவர்.

“தண்ணி எப்படி இருந்துச்சு?”

“உப்பா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினேன்.