நான் வெட்டிய பெயர்

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கல்லூரியின் அட்மிஷன் கவுண்டரில் வேலை செய்கிறேன். எங்களிடம் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் அதிகம். கொலம்பியா, எல் சல்வடோர், வெனிசுவேலா என்று வருவார்கள். சாப்பாட்டு நேரம் கன்ரீனில் அவர்கள் சிரிக்கிற சத்தத்துக்கு எங்கள் கலியாண வீடு தோற்றுப்போகும்.

போன வருடம் ஒரு கொலம்பியப் பெண் தாதியர் படிப்புக்கு விண்ணப்பிக்க வந்தாள். அகதியாக வந்தவள். தாய் சாகக் கிடந்தபோது பார்த்துக்கொண்ட தாதியைக் கண்டுதான் இந்த ஆசை வந்ததாம். பெயர் நாலு துண்டு. விண்ணப்பப் பெட்டிக்குள் அடங்கவில்லை.

நீளப் பெயரைக் கண்டால் எங்கள் தமிழ்ச் சனத்துக்குக் கை துறுதுறுக்கும். கனடா வந்த கையோடு வெட்டிக் குறுக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. என் பெயரிலும் பாதி விமான நிலையத்தோடு போயிற்று. ஒரு குறையும் வரவில்லை. அந்தத் துணிவில், கடைசித் துண்டை விட்டுவிடச் சொன்னேன். அது தாயின் குடும்பப் பெயர் என்றாள். தகப்பன் பெயர் இருக்கிறதே, போதும் என்றேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி. அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு என்னை நம்பித் தலையாட்டினாள்.

ஊரிலிருந்து அவளுடைய பள்ளிச் சான்றிதழ் முழுப் பெயரில் வந்தது. குறுக்கிய பெயரோடு அது சேரவேயில்லை. சான்றிதழ் வரவில்லை என்று கோப்பை மூடி, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் கண்டுபிடித்தபோது வகுப்புத் தொடங்கி இரண்டு கிழமை. வெட்டச் சொன்னது நான் என்பதை மறைத்து மேலதிகாரியிடம் கெஞ்சினேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். ஒரு வருடம் சும்மா இருக்க அவளுக்கு வழியில்லை. பிறம்ரன் நகரில் ஒரு வெயார்ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஒரு வருடம் மட்டும் என்று போன எங்கள் ஆட்கள் எத்தனை பேர் இன்னும் அங்கே பெட்டி தூக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் அழுதேன். "நீர் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே, விடும்," என்றார் என் மனுசன். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒருநாள் அவள் கவுண்டருக்கு வந்து, எங்கே பிழைத்தது என்று கேட்டாள். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வேலை போய்விடும் என்ற பயம் அதற்கு முன்னால் வந்து நின்றது. சிஸ்டத்தில் ஏதோ பிழை என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த நாட்டில் எனக்கு உதவி செய்தது நீங்கள் மட்டும்தான்."

அப்போதும் உண்மையைச் சொல்லாமல், வரிசையில் நின்ற அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.