பிடியரிசிக்கு ஆள் வராத ஊர்

இங்கிலாந்தின் வடகடலோரத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் வெள்ளிக்கிழமை காலையில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தபால்காரர்கூடப் பொதியை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறார். எனக்கோ வெள்ளி விடிந்தால் காது வாசல் பக்கமே போகும். இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் என் ஊரான மருதமுனையில், எங்கள் தெருவுக்கு வெள்ளிதோறும் பிடியரிசி சேர்க்க ஒரு பெண் வருவார். வாசலில் நின்று ஸலாம் சொல்லிச் சாக்கை விரிப்பார். யார் வீட்டு அரிசி யார் வீட்டு உலைக்குப் போகிறது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சோற்றுக்கு அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன், பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு பிடி அள்ளி வேறு பாத்திரத்தில் போட்டுவிட வேண்டும். போட்ட கணத்திலிருந்து அது நம்முடையதல்ல, இல்லாதவரின் அமானிதம். நம் வீட்டில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த நாட்களில் உம்மாவின் பிடி தாராளமாக விழும், புது நெல்லின் வாசம் குசினியெங்கும் நிற்கும். மாரி மழையில் வாப்பா கடலுக்குப் போகாத நாட்களில் பிடி கொஞ்சம் சுருங்கும். ஆனால் ஒருநாளும் விழாமல் இருந்ததில்லை. நன்றி என்ற சொல்லை உம்மா அதிகம் சொன்னதாக நினைவில்லை. கைதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. வந்த முதல் வாரமே ஒரு பெரிய கண்ணாடிச் சாடி வாங்கினேன். கோடையில் போட்டது கடையில் வாங்கிய பாஸ்மதி. அதன் மேல் ஊரிலிருந்து பார்சல் வந்த மாதத்தின் சிவப்புப் பச்சையரிசி. பிறகு மலிவு விற்பனையில் அகப்பட்ட தாய்லாந்து அரிசி. வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டின் ஆறு மாதமும் பட்டை பட்டையாகத் தெரியும். பார்க்க அழகுதான். ஆனால் சாடி நிறைந்ததும் அதை யாரிடம் சேர்ப்பது என்று தேடத் தொடங்கினேன். இந்த ஊரில் பள்ளிவாசல் இல்லை, சாக்கோடு வருவதற்கும் ஆளில்லை. பசித்தவருக்குரியதை அலுமாரியில் பூட்டி வைத்திருப்பவள் என்று நாளை மறுமையில் என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்?

இங்கே ஒரு தேவாலய மண்டபத்தில் ஃபூட் பேங்க் நடக்கிறது. இல்லாதவர்கள் வந்து உணவுப் பொதி வாங்கிப் போகும் இடம். சாடியை அணைத்துக்கொண்டு போனேன். ஜேன் என்ற பெண்மணி அன்பாக வரவேற்று, இது எப்போது பொதி செய்தது என்று கேட்டார். தினமும் மதியம் என்றேன். என்னையும் சாடியையும் மாறி மாறிப் பார்த்தார். கடை முத்திரை உடையாத பொதிகளைத்தான் எடுக்கலாமாம், சட்டமாம். போன வேகத்திலேயே திரும்பி வந்தேன். பஸ்ஸில் சாடிக்கும் ஒரு இருக்கை.

ஜனவரியில் பனி கொட்டித் தெரு மூடிய ஒரு நாள், நான் வேலை முடிந்து நடந்தே வீடு வந்தேன். அடுப்பில் சோறு. என் கணவர் நஸீர் பெருமையோடு மூடியைத் திறந்தார். தாய்லாந்து அரிசி கூழாய்க் கரைந்திருக்க, சிவப்பரிசி கல்லாய்க் கிடந்தது. எனக்குப் பகீரென்றது.

"எந்த அரிசியப் போட்டீங்க?"

"பையில ஒண்டுமில்ல புள்ள. போத்தல்ல கிடந்ததத்தான் போட்டன்."

நான் அழுதேன். இரண்டு பிடி சோற்றுக்கு இப்படி அழுவதா என்று அவர் திகைத்துப்போனார். விஷயம் புரிந்ததும் பயந்து, சட்டியில் தண்ணீரும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, இஞ்சி பூண்டு தட்டிப் போட்டுக் கிண்டினார். கல்லும் கூழும் சேர்ந்து கஞ்சியாகிவிட்டது. நான் இரண்டு துண்டு பாணும் முட்டையும் தின்றேன். அவர் குற்ற உணர்வோடு ஒரு கோப்பை குடித்தார். பிறகு குற்ற உணர்வில்லாமல் இன்னொரு கோப்பை.

"இந்த ஊருல பிடியரிசி வாங்கின முதல் ஏழை, முதல் மிஸ்கீன் நீங்கதான்" என்றேன். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எடுத்த அளவு அரிசியை அடுத்த நாளே வாங்கிச் சாடியில் கொட்டினார். ஆனால் அந்தக் கஞ்சி எனக்கு வழி காட்டிவிட்டது.

ஜேனிடம் மறுபடி போய், அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வீட்டில் சமைத்ததை எடுக்க முடியாது, ஆனால் எங்கள் குசினிக்கு வந்து எங்கள் கண் முன்னால் சமைக்கலாமே என்றார். அடுத்த வியாழக்கிழமை மதியம் மண்டபத்துப் பெரிய சட்டியில் ஆறு மாதத்து அரிசியும் ஒன்றாகக் கொதித்தது. மண்டபம் முழுக்க ரம்பை இலை வாசம். ஒரு வயதான மனிதர் கஞ்சியில் மூன்று கரண்டி சீனி போட்டார். என் நெஞ்சு பதைத்தது, ஆனால் அவர் சப்புக்கொட்டிக் குடித்தார். எழுந்து எனக்கு நன்றி சொன்னார். எனக்கு அதை வாங்கக் கூச்சமாக இருந்தது. "இது என்னுடையதல்ல" என்றேன். அவர் முகம் வெளிறி, வேறு யாருடைய கோப்பையையோ எடுத்துவிட்டதாக நினைத்து அதை மேசை நடுவுக்குத் தள்ளினார்.

"இல்லை, இல்லை. உங்களுடையது. முதலிலிருந்தே உங்களுடையது."

அவருக்கு விளங்கியதா தெரியாது. கோப்பையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். சாடியைக் கழுவிக் கவிழ்த்தபோது என் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஊரில் இருக்கும் என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு அன்றே போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். சீனிக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"நீ அங்கயும் போடுறியாகா? நீ போன நாளையில இருந்து உண்ட பிடியையும் நான்தான் இஞ்ச போட்டு வாறன். எண்ட ஒண்டு, உண்ட ஒண்டு."

இனிப் போட வேண்டாம், நான் இங்கே போடுகிறேனே என்றேன்.

"அது அங்க பசிச்சவங்களுக்கு. இஞ்ச உள்ள ஆக்களுக்கு உண்ட பிடிய ஆரு போடுற?"

அடுத்த நாள் வெள்ளி. மதியச் சோற்றுக்கு அரிசி அளந்தேன். மருதமுனையில் அப்போது பின்னேரம், அஸர் தொழுது முடித்திருப்பார்கள். அங்கே காலையிலேயே என் பெயரில் ஒரு பிடி விழுந்திருக்கும். பிஸ்மில்லாஹ் சொல்லி, இங்கத்தைய பிடிக்குக் கையை விட்டேன்.