லென்ஸைத் திருப்பி மாட்டியவர்

என் மிளகாய்ச் செடிகள் இலை சுருண்டதற்குப் பக்கத்துக் காட்டுக்காரியின் கண்தான் காரணம் என்று, மூன்று வருடமாக அவளோடு நான் பேசவில்லை. அவளை விட்டால் எனக்குப் பேச ஆளும் கிடையாது.

போன தை மாதம் விளாத்திகுளம் பஸ்ஸில் வந்த ஒருவர், பூச்சிகளைப் படம் எடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு என் காட்டுக்குள் இறங்கினார். நரைத்த தாடி, சட்டையெல்லாம் கரிசல் மண். குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டுதான் படம் எடுத்தார். கேமராவின் லென்ஸைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினார்.

“என்ன அண்ணாச்சி, மாத்தி மாட்டுதீங்க?” என்றேன்.

“இப்படி மாட்டுனா பொடிசெல்லாம் பெருசாத் தெரியும், ஆச்சி. இதுக்குன்னு இருக்க லென்ஸ் வாங்க நமக்கு வசதி ஏது? திருப்பி மாட்ட ஒரு வளையம் போதும்.”

சுருண்ட இலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துக் காட்டினார். மஞ்சள் மஞ்சளாகப் பூச்சிகள், அரிசி அரிசியாய்.

“இது கண்ணு பட்டதுல்லா?”

“கண்ணுக்கே தெரியாத இலைப்பேனு, ஆச்சி. இதுதான் சாறைக் குடிக்குது.”

பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். எவ்வளவோ பொறுமையான மனிதர். அவளிடம் இதை எந்த வாயால் சொல்வது என்று அவரைக் கேட்டிருக்கலாம். தினமும் வரப்பு வரை போகிறேன். அவள் நிமிர்ந்து பார்த்தால், மாட்டைத் தேடுவது போலத் திரும்பி வந்துவிடுகிறேன்.