நாற்பத்தொரு கோழிகளும் மூன்று சிலுவைக் குறிகளும்

1771 அக்டோபருக்குள் பெரின் கொத்தியே நாற்பத்தொரு கோழிகளைக் கொன்றிருந்தாள். அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தவள் வேலைக்காரி துவானெத்.

ரை என்னும் தானியத்தின் கதிரில் சேவல் முள்ளைப் போலக் கறுப்பாக நீட்டிக்கொண்டிருப்பதை இடித்துத் தீனியில் கலப்பாள் பெரின். கொண்டை கறுக்கும், பிறகு கால் அழுகும். அந்த ரையைத் தின்ற சொலோன் சீமை ஏழைகளின் கால்களும் அப்படித்தான் அழுகின. மருந்துக்கடைக்காரரின் விதவையான அவள் விஷம் காய்ச்சுகிறாள் என்று ஊர் பேசியது. பெரினுக்கோ, தன் கண்டுபிடிப்பைத் திருடிவிடுவார்களோ என்று சொந்தக்காரர்கள்மேல் சந்தேகம்.

நகரத்து அறிவியல் சபையில் பெண்களுக்கு இடமில்லை. கண்டுபிடிப்பை எழுதி, உறையில் முத்திரையிட்டு ஓர் உறுப்பினர் வழியாகச் சபையில் ஒப்படைக்கலாம். யார் முதலில் கண்டது என்று தகராறு வந்தால் பிரிப்பார்கள். பெரினுக்குத் தெரிந்த ஒரே உறுப்பினர் கணவனின் தம்பி, வைத்தியர் எத்தியென். அக்டோபர் 21 அன்று உறையை அவரிடம் கொடுத்தாள்.

"ஏழு இடத்துல அரக்கா? என்னை நம்பலையா அண்ணி?"

"நம்பலன்னா உங்ககிட்ட குடுப்பேனா?"

அவர் சிரித்துக்கொண்டே குதிரையேறினார். துவானெத்துக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை.

"அம்மா, எந்த மோதிரத்தால முத்திரை வச்சீங்க?"

"எப்பவும் வைக்கிறதுதான். ஐயாவோடது."

"வைத்தியர் விரல்லயும் அதே மான் போட்ட மோதிரம்தானே?"

பெரின் மோதிரத்தை எடுத்துப் பார்த்தாள். குடும்ப முத்திரை. அவர் உறையைப் பிரித்து, தாளை மாற்றி, திரும்ப ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து பழகிய கை யோசிக்காமல் செய்துவிட்டது.

அக்டோபர் 23, புதன் சந்தை. பத்திரம் எழுதும் நோட்டரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தான் கண்டதை உரக்கச் சொன்னாள் பெரின். அவர் தேதி போட்டு எழுதினார்.

"கறுப்பு முள்ளைச் சலிச்சுத் தள்ளுங்க. கால் பிழைக்கும்."

"சலிச்சா மூட்டை பாதியாகும். எங்க ரை விலையை இறக்கச் சொல்லி எந்தப் பண்ணையார் உன்னை அனுப்புனார்?" என்றார் ரை விற்க வந்த ஒருவர்.

"எழுதத் தெரியலன்னா சாட்சிக்கு ஒரு சிலுவை போடுங்க, போதும்."

"இன்னிக்குச் சிலுவை போட்டா நாளைக்கு வரி வரும். நாங்க என்ன ஏமாளிங்களா?"

கூட்டம் கலைந்தது. மூன்று பேர் மட்டும் சிலுவை போட்டார்கள். அதில் ஒருவர் வழக்கமான குடிகாரர்.

ஜனவரியில் பெரின் மார்ச்சளியில் படுத்தாள். எத்தியென் சூப் கொடுத்தனுப்பினார். துவானெத் அதைச் சாக்கடையில் ஊற்றினாள். ஒன்பதாம் நாள் பெரின் இறந்தாள், சூப்பைக் குடிக்காமலே.

ஏப்ரலில் ரை நோய் பற்றி எத்தியென் தன் கண்டுபிடிப்பு என்று சபையில் ஒரு கட்டுரை வாசித்தார். துவானெத் சந்தையில் நோட்டரி எழுதிய தாளை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் நடந்தாள். சபை வாசலில் செயலாளரிடம் நீட்டினாள்.

"வைத்தியர் திருடிட்டாருங்கய்யா."

"பார்த்துப் பேசும்மா."

"பார்த்துட்டுதான் பேசுறேன். உறையைப் பிரிங்க."

பிரித்தார்கள். உள்ளே பெரின் எழுதிய தாள் இல்லை; இருந்ததெல்லாம் எத்தியென் கைப்பட எழுதியது. உறை வந்து சேர்ந்த நாள் பதிவேட்டில் நவம்பர் 4 என்றிருந்தது. நகரத்துக்குக் குதிரையில் ஒரே நாள் பயணம். அவருக்கு இரண்டு வாரம் பிடித்திருக்கிறது.

சந்தைத் தாளின் தேதி அதற்கும் முந்தியது. கட்டுரை ஜூலையில் பெரினின் பெயரில் அச்சாயிற்று.