என் டூலாவுக்கு நான் எழுதிய நற்சான்றிதழ்

"விண்ணப்பதாரர் ஒரு சங்கடமான சூழ்நிலையைக் கையாண்ட விதத்தை, நீங்கள் நேரில் கண்டபடி எழுத முடியுமா?"

படிவத்தில் இருந்த இந்தக் கேள்விக்கு என்னால் இன்னும் பதில் எழுத முடியவில்லை. இரண்டு பட்டங்கள் வைத்திருக்கிறேன். கேள்விக்குக் கீழே விட்டிருந்த இடமோ ஆறே ஆறு வரி.

விண்ணப்பதாரர் என் டூலா. டூலா என்பவர் தாதியும் இல்லை, மருத்துவிச்சியும் இல்லை. பிரசவ நேரத்தில் கூடவே இருந்து, முதுகைத் தடவிக்கொடுத்து, நாம் சொல்லக் கூச்சப்படுவதை வைத்தியர்களிடம் எடுத்துச் சொல்கிற பெண். இவருடைய பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். இவர் பிறந்து வளர்ந்தது லண்டனில், பிளேஸ்டோவில். பயிற்சியில் இருந்ததால் என்னிடம் காசு வாங்கவில்லை. "சும்மா வாறா எண்டால் வரட்டுமன்," என்றார் என் கணவர். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் இவ்வளவு ஆழமாக ஆராய்ந்துதான் எடுக்கப்படுகின்றன.

பயிற்சியின் அடுத்த கட்டத்துக்குப் பணம் கட்ட அவருக்கு வழியில்லை. பயிற்சியில் இருக்கும் கறுப்பினப் பிரசவத் துணையாளர்களுக்கென்று ஒரு சிறிய அமைப்பு உதவித்தொகை கொடுக்கிறது. அதற்கு, அவர் துணைநின்ற ஒரு தாய் கடிதம் எழுத வேண்டும். அவர் இதுவரை துணைநின்றது ஒரே ஒரு தாய்க்கு. அது நான்.

"கறுப்பாக்களுக்கு மட்டுமோ? அப்ப நாங்கள் என்ன வெள்ளையோ?" என்று கேட்டார் கணவர். பிள்ளை நிறமாகப் பிறக்க வேண்டும் என்று ஒன்பது மாதமும் எனக்குக் குங்குமப்பூப் பால் காய்ச்சித் தந்த மனிதர். தன் நிறத்தை அவர் இவ்வளவு உரிமையோடு சொந்தம் கொண்டாடி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

கடிதத்தை நான் மிகுந்த பொறுப்போடு எழுதினேன். மாதிரிக்கு, யாழ்ப்பாணத்தில் என் பள்ளிக்கூட அதிபர் எனக்குத் தந்த நற்சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டேன். நல்லொழுக்கம் உடையவர், பணிவானவர், நேரம் தவறாதவர், பெரியோரை மதிப்பவர், மேற்கொள்ளும் முயற்சிகள் யாவிலும் வெற்றிபெற வாழ்த்துகிறேன். அந்த அதிபர் ஒருநாளும் என்னோடு பேசியதில்லை. சான்றிதழ் அருமையாக இருந்தது. எங்கள் ஊரில் நற்சான்றிதழுக்கு ஒரு இலக்கணம் உண்டு: நடந்த எதையும் எழுதக் கூடாது. அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து, பெயரை மாற்றி, நான்கு தடவை பிழை திருத்தி அனுப்பினேன்.

பத்து நாளில் அமைப்பிலிருந்து பதில் வந்தது. அன்பான பதில், கூடவே ஒரு படிவம். "உங்கள் வாழ்த்துக்கு நன்றி. ஆனால் இதை வைத்து எங்களால் முடிவெடுக்க இயலவில்லை. உண்மையில் நடந்த ஒன்றை எழுதித் தருவீர்களா? இந்த வெள்ளிக்கிழமை வரை காத்திருப்போம்."

உண்மையில் நடந்தது இதுதான்.

டூலா வைத்திருக்கிற விஷயத்தை நான் மாமிக்கு, கணவரின் அம்மாவுக்கு, சொல்லவில்லை. "நான் இருக்கேக்கை உனக்கு வேற ஆள் என்னத்துக்கு?" என்று கேட்பார் என்ற பயம். பிரசவத்துக்குப் போன அன்று மத்தியானம் மாமி தோர்ண்டன் ஹீத்திலிருந்து பஸ் ஏறி, ஒரு பிளாஸ்க் கொத்தமல்லித் தண்ணீரோடு வந்து சேர்ந்தார். அவர் அறைக்குள் காலெடுத்து வைக்கவும் எனக்குப் பனிக்குடம் உடையவும் சரியாக இருந்தது. நிலமெல்லாம் தண்ணீர். கட்டிலருகே கருநீலச் சட்டையோடு ஒரு கறுப்பினப் பெண். மாமிக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சுவரோரம் இருந்த பேப்பர் ரோலை எடுத்து டூலாவின் கையில் கொடுத்து, நிலத்தைக் காட்டி, ஆங்கிலத்தில் "கிளீன், பிளீஸ்" என்றார்.

டூலா என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன். மிகவும் சுத்தமான கூரை.

"மாமி, இவ என்ரை ஆள்" என்று சொல்ல நான்கு சொற்கள் போதும். வலியினால் சொல்ல முடியவில்லை என்று பிற்பாடு பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். அதே வலியோடுதான் மாமியிடம், "பஸ்ஸிலை இடம் கிடைச்சதோ?" என்று அடுத்த கணமே கேட்டேன்.

டூலா குனிந்து துடைத்தார். துடைத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். வெள்ளைத் தாளில் சிவப்பு. கணினியில் எதையோ பதிந்துகொண்டிருந்த மருத்துவிச்சியிடம் போய், "இது வெறும் தண்ணீர் இல்லை, கொஞ்சம் வந்து பாருங்கள்," என்றார். மருத்துவிச்சி திரும்பி என்னிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் என் வளர்ப்புக்கேற்றபடி, "நன்றாக இருக்கிறேன், நன்றி," என்றேன்.

"எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்," என்றார் டூலா. "தயவுசெய்து நீங்கள் பாருங்கள்." சொல்லிவிட்டு அந்தத் தாளை விரித்துக் காட்டினார்.

மருத்துவிச்சி தாளைப் பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார். அடுத்த நிமிடம் அறை நிறைய ஆட்கள். அரை மணி நேரத்தில் சத்திரசிகிச்சை செய்து மகளை எடுத்தார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வைத்தியர் அடுத்த நாள் பக்குவமாகச் சொன்னார். மகளுக்கு இப்போது ஐந்து மாதம். நல்ல கறுப்பு. குங்குமப்பூ விற்ற கடைக்காரருக்கு மட்டும்தான் லாபம்.

இந்தக் கதையை மாமி எல்லோரிடமும் சொல்கிறார். கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஒரு அன்ரியிடம் சொன்னார்.

"டாக்குத்தர்மார் ஒருத்தரும் காணேல்லை. அங்கை நிலம் துடைச்ச பிள்ளை ஒண்டுதான் கண்டது. அதின்ரை கெட்டித்தனம்."

"கிளீனரோ?"

"ஓம். பாவம், படிக்க வைச்சிருந்தா நர்ஸா வந்திருக்கும். நான்தான் பேப்பரை எடுத்துக் குடுத்தனான்."

"அப்ப நீங்களும்தான் காப்பாத்தினியள்," என்றார் அன்ரி. மாமி மறுக்கவில்லை. நான் வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

ஆக, டூலா கேட்கிற உதவித்தொகைக்கு இதைவிடப் பொருத்தமான சம்பவம் கிடையாது. ஆனால் இதில் ஒரு பாதியை விட்டு மறுபாதியை எழுத முடியவில்லை. துடைக்கக் குனிந்ததை விட்டால், இரத்தத்தை எப்படிக் கண்டார்? துடைத்ததை எழுதினால், பிரசவத்துக்குத் துணையாக வந்தவர் ஏன் நிலம் துடைத்தார்? கடிதத்தை வாசிக்கப்போகிறவர்களும் கறுப்பினப் பெண்கள்தான். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

கணவரிடம் கேட்டேன். "அம்மான்ரை பேரைக் கெடுக்காமல் எழுதும். எழுத ஏலாதெண்டால் பழைய கடிதத்தையே கொஞ்சம் நீட்டி அனுப்பும்," என்றார்.

நேற்று டூலாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "கடிதம் சிரமமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நான் அடுத்த வருடம் பார்த்துக்கொள்கிறேன். பாப்பா இரவில் தூங்குகிறாளா?" அன்றைய நாளைப் பற்றி அவர் இதுவரை ஒரு சொல் பேசவில்லை. அதை எழுதுவது அவருக்கு விருப்பமா, அல்லது அன்று போலவே இன்னொரு தடவை அவரைக் குனிய வைப்பதாகுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. கேட்க வேண்டியது அவரிடம்தான். கேட்டால், நான் கூரையைப் பார்த்ததையும் பேச வேண்டி வரும்.

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இதை வாசிக்கும் நீங்கள் சொல்லுங்கள். முதலில் மாமியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு எழுதவா? டூலாவிடம் அனுமதி கேட்டுவிட்டு எழுதவா? அல்லது ஒருவரிடமும் கேட்காமல் அந்த ஆறு வரியில் மூவரும் செய்ததை அப்படியே எழுதவா? உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்து, நீங்கள் வாய் திறந்திருந்தால், எந்தச் சொல்லில் தொடங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.